லாகர் ஈஸ்ட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு குளிர் தேவை? ஃப்ரிட்ஜ் இல்லாத ஹோம்ப்ரூவர் என்ன செய்வார்?

அமெரிக்காவில் முதல்முறையாக வீட்டில் பீர் காய்ச்சிப் பார்க்க நினைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஹோம்ப்ரூ கடைக்குப் போகிறார். 1.5 கிலோ மால்ட் எக்ஸ்ட்ராக்ட் டின் இரண்டு, அரைக் கிலோ உடைத்த பார்லி மால்ட், கொஞ்சம் ஹாப்ஸ், ஒரு ஈஸ்ட் பாக்கெட். எல்லாம் வாங்கி வீட்டுக்கு வந்து, அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் ஈஸ்ட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கிறார். 'லாகர்' என்று போட்டிருக்கிறது. பக்கத்திலேயே வெப்பநிலை: கிட்டத்தட்ட 9 முதல் 15 டிகிரி செல்சியஸ்.

அவர் சமையலறையில் 21 டிகிரி. இருக்கும் ஒரே ஃப்ரிட்ஜில் பாலும் தயிரும் முட்டையும். 19 லிட்டர் வாளியை அதற்குள் எங்கே வைப்பது?

லாகர் ஈஸ்ட்டைக் கையில் எடுக்கும் பெரும்பாலான புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போட்ட உழைப்பு, செலவழித்த காசு, அதற்குப் பிறகு ஒன்றரை மாதக் காத்திருப்பு. கடைசியில் கிடைப்பது தெளிவான, மொறுமொறுப்பான பீரா அல்லது பாப்கார்ன் வெண்ணெய் வாசம் அடிக்கும் மஞ்சள் தண்ணீரா என்பதை அந்த டிகிரிக் கணக்குதான் தீர்மானிக்கும்.

முதலில், சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவிலேயே இது ஒரு காலத்தில் குற்றம்தான். 1920-ல் வந்த மதுவிலக்கு 1933-ல் போனது. வீட்டில் ஒயின் தயாரிக்க வழி கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒரு மசோதாவில் கையெழுத்திட்ட பிறகுதான், 1979 பிப்ரவரியில் இருந்து சொந்த உபயோகத்துக்கான பீருக்கு மத்திய வரி விலக்கு வந்தது. ஒரு பெரியவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 கேலன். 100 கேலன் என்றால் சுமார் 378 லிட்டர். விற்கக் கூடாது. இறுதி முடிவு மாநிலங்கள் கையில் விடப்பட்டதால், மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-ல்தான் கடைசியாக இறங்கி வந்தன. சாராயம்போல வடித்தெடுப்பது இந்த விலக்கில் சேராது.

தமிழ்நாட்டில் கதையே வேறு. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் எந்த மதுவையும் தயாரிப்பது குற்றம். 'என் வீடு, என் வாளி, நான்தான் குடிக்கப் போறேன்' என்ற வாதம் எல்லாம் எடுபடாது. ஆகவே கீழே வருவதைச் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் நண்பர் வீட்டு கராஜில் என்ன நடக்கிறது என்பதற்கான விளக்கமாகப் படிக்கலாம்.

தானியத்தை 'டீ' போடுவது

பீரின் அடிப்படை மால்ட். நம் வீடுகளில் கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து, வறுத்து சத்துமாவு அரைப்பார்கள் அல்லவா? பார்லியிலும் நடப்பது அதேதான். முளைவிடும்போது தானியத்துக்குள் என்ஸைம்கள் உருவாகின்றன. பிறகு வெந்நீரில் போட்டு சரியான சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால், அந்த என்ஸைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். இதற்கு மேஷிங் என்று பெயர். பெரிய பாத்திரங்கள், வடிகட்டிகள் எல்லாம் தேவைப்படும் வேலை.

புதியவர்களுக்கு அந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் வந்தது. மேஷிங்கை ஆலையிலேயே முடித்து, கிடைத்த சர்க்கரைக் கரைசலைச் சுண்டவைத்துத் தேன்பாகுபோல டின்னில் அடைத்துவிடுகிறார்கள். வெந்நீரில் கரைத்தால் போதும். ஆனால், வெறும் எக்ஸ்ட்ராக்ட்டில் செய்த பீர், பவுடர் பாலில் போட்ட காபி மாதிரி. குடிக்கலாம், ஆனால் எதுவோ ஒன்று குறையும்.

அந்தக் குறையைத்தான் ஊறவைக்கும் தானியம் தீர்க்கிறது. உடைத்த மால்ட்டை மஸ்லின் துணிப்பையில் கட்டி, 65 முதல் 70 டிகிரி வரை சூடான தண்ணீரில் அரை மணி நேரம் தொங்கவிடுவார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஒரு பெரிய டீ பேக். தண்ணீர் மெல்ல மெல்லச் செம்பு நிறத்துக்கு மாறும். வீடு முழுக்க ஹார்லிக்ஸ் வாசம். நேரம் முடிந்ததும் பையைத் தூக்கி, சொட்டவிட்டு, எடுத்துவிட வேண்டும். பையோடு சேர்த்துக் கொதிக்கவிடக் கூடாது. தண்ணீர் 77 டிகிரியைத் தாண்டினால் உமியில் இருந்து டானின் இறங்கும். மறந்துபோய் அடுப்பிலேயே விட்ட டீயை ஒரு வாய் குடித்தால் நாக்கு இழுக்குமே, அந்தத் துவர்ப்பு.

இதில் பலருக்குத் தெரியாத நுணுக்கம் ஒன்று உண்டு. எல்லா மால்ட்டையும் இப்படி ஊறவைத்துவிட முடியாது. கிரிஸ்டல் அல்லது கேரமல் என்ற பெயரில் விற்கும் மால்ட்டை ஈரம் காயாமலேயே சூடுபடுத்துகிறார்கள். அப்போது தோலுக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, பிறகு வறுபட்டுக் கெட்டியாகிவிடுகிறது. மேஷிங் உள்ளேயே முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் வெந்நீரில் போட்டாலே நிறமும் இனிப்பும் இறங்கும். கருக வறுத்த சாக்லேட் மால்ட்டும் அப்படித்தான். ஆனால், பில்ஸ்னர், மியூனிக் போன்ற மால்ட்களில் மாவுச்சத்து அப்படியே இருக்கும். 'லாகர்தானே, மியூனிக் மால்ட் போட்டா அசலா இருக்கும்' என்று நினைத்து அதைப் பத்து நிமிடம் முக்கி எடுத்தால், மாவுத் தண்ணீர்தான் வரும். பீர் கலங்கிப்போகும். அதைப் போட்டே ஆக வேண்டும் என்றால், தண்ணீரைக் குறைத்து, 65–68 டிகிரியைப் பிடித்து, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்போது அதன் சொந்த என்ஸைம்களே வேலையை முடித்துவிடும்.

அதன்பிறகு எக்ஸ்ட்ராக்ட்டைக் கரைத்து, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைப்பது. இதுவரை லாகருக்கும் மற்ற பீருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

குளிரில் வேலை செய்யும் ஈஸ்ட் எங்கிருந்து வந்தது?

ஏல் வகை பீருக்குப் போடும் ஈஸ்ட், ரொட்டிக்குப் போடும் அதே இனம்தான். 18–22 டிகிரியில் சுறுசுறுப்பாக வேலை செய்யும். லாகர் ஈஸ்ட் அதன் ஒரு கலப்பின வாரிசு. ஒரு பெற்றோர் அந்த ரொட்டி ஈஸ்ட். இன்னொரு பெற்றோர் யார் என்பது வெகுகாலம் விளங்காமலே இருந்தது.

2011-ல் விடை கிடைத்தது, அதுவும் யாரும் எதிர்பாராத இடத்தில். அர்ஜென்டினாவின் பட்டகோனியா காடுகளில், தெற்குப் பீச் மரங்களின் கிளைகளில் உருண்டை உருண்டையாக வளரும் காளான்களில் ஒரு காட்டு ஈஸ்ட்டை டியெகோ லிப்கைண்ட் தலைமையிலான குழு கண்டுபிடித்தது. லாகர் ஈஸ்ட்டின் அந்த இன்னொரு பாதி டிஎன்ஏவோடு அது 99 சதவீதத்துக்கும் மேல் ஒத்துப்போனது. பெயர் சாக்கரோமைசெஸ் யூபயானஸ். குளிரைத் தாங்கும் குணம் லாகருக்கு இந்தப் பக்கத்து உறவில் இருந்து வந்தது. மால்ட் சர்க்கரையை நன்றாகத் தின்னும் பழக்கத்துக்கு ரொட்டி ஈஸ்ட்டைத்தான் கைகாட்ட வேண்டும்.

ஆனால், லாகர் பிறந்தது பவேரியாவில். தென் அமெரிக்கக் காட்டில் இருப்பது ஜெர்மனிக்கு எப்படி வந்தது? பிறகு திபெத்திலும் வட அமெரிக்காவிலும் அதே இனம் கிடைத்தது. ஐரோப்பாவில் மட்டும் பல ஆண்டுகள் அகப்படவே இல்லை. கடைசியில் 2022-ல் வெளியான ஆய்வில், அயர்லாந்தின் டப்ளினில் ஒரு பல்கலைக்கழக வளாகத்து மண்ணில் இருந்து எடுக்கப்பட்டது. இத்தனை வருஷமாகத் தேடியது காலடியில்!

பவேரியர்கள் இந்த ஈஸ்ட்டைத் தெரிந்து தேர்ந்தெடுக்கவில்லை. கோடையில் காய்ச்சிய பீர் அடிக்கடி புளித்துக் கெட்டுப்போனது. 1553-ல் அங்கே ஆண்ட டியூக் ஐந்தாம் ஆல்பிரெக்ட், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சத் தடை போட்டார். குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சி, நிலவறைகளில் பனிக்கட்டி போட்டுச் சேமித்தார்கள். ஜெர்மன் மொழியில் 'லாகர்ன்' என்றாலே சேமித்து வைப்பது. குளிரில் தாக்குப்பிடிக்கும் ஈஸ்ட்தான் அந்த அறைகளில் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. நிலவறைக்கு மேலே வெயில் படாமல் இருக்க மரங்கள் நட்டார்கள். அந்த நிழலில் மேசை போட்டதுதான் இன்றைய மியூனிக் பீர் கார்டன்கள்.

அடுத்த திருப்பம் கோபன்ஹேகனில். கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-ல் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லில் இருந்து தூய வளர்ப்பை உருவாக்கிக் காட்டினார். அதுவரை ஒவ்வொரு தொட்டியிலும் நல்லது, கெட்டது, காட்டு ஈஸ்ட் எல்லாம் கலந்துதான் இருந்தன. ஒரு தொட்டி நன்றாக வரும், அடுத்தது நாறும். இந்தக் கண்டுபிடிப்பை கார்ல்ஸ்பெர்க் பூட்டிவைக்கவில்லை, மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. இன்று ஹோம்ப்ரூ கடையில் ஒரு பாக்கெட்டைக் கிழித்தால் ஒரே இன ஈஸ்ட் கிடைப்பதற்குப் பின்னால் இருப்பது அந்த வேலைதான்.

ஒரு பாக்கெட் ஏன் போதாது?

குளிர் இருந்தால் மட்டும் போதாது, ஆள்பலமும் வேண்டும். இட்லி மாவை நினைத்துப் பாருங்கள். சென்னை மே மாதத்தில் ராத்திரி அரைத்து வைத்தால் விடிவதற்குள் பொங்கி வழியும். அதையே ஊட்டி டிசம்பரில் வைத்தால்? நுண்ணுயிர் வேறு என்றாலும் கணக்கு ஒன்றுதான். குளிரில் ஒவ்வொரு செல்லும் மெதுவாக வேலை செய்யும், மெதுவாகப் பெருகும்.

அதனால் லாகருக்கு ஏலைவிட இரு மடங்கு ஈஸ்ட் தேவை என்பது ப்ரூவர்களின் பழைய கணக்கு. 12 டிகிரி பிளாட்டோ அடர்த்தியில் 19 லிட்டர் என்றால் சுமார் 34,000 கோடி செல்கள். ஒரு திரவ ஈஸ்ட் பொதியில் வருவது பொதுவாக 10,000 கோடி அளவில்தான். ஆகவே, சிறிய அளவு மால்ட் கரைசலில் முன்கூட்டியே வளர்த்து 'ஸ்டார்ட்டர்' தயாரிப்பார்கள், அல்லது 11.5 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் இரண்டு போடுவார்கள். இரண்டாவது வழியில் தொல்லை குறைவு.

ஈஸ்ட் போட்டபின் ஒன்றரை நாள், இரண்டு நாள்கூட ஒரு குமிழியும் வராமல் இருக்கலாம். புதியவர்கள் பதறி வாளியைத் திறந்து திறந்து பார்ப்பது இப்போதுதான். திறக்கும் ஒவ்வொரு தடவையும் காற்றில் இருக்கும் கிருமிக்குக் கதவு திறக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். பிறகு குமிழி வரும்போது கூடவே அழுகிய முட்டை நாற்றமும் வரலாம். போச்சு, எல்லாம் கெட்டுப்போச்சு என்று சாக்கடையில் கொட்டியவர்கள் உண்டு. அது ஹைட்ரஜன் சல்ஃபைட். பல லாகர் ஈஸ்ட்களின் இயல்பே அப்படி. கார்பன் டை ஆக்ஸைடோடு சேர்ந்து பெரும்பாலும் தானே வெளியேறிவிடும்.

வெண்ணெய் வாசம் வருவது எப்படி?

நாற்றத்தைவிடக் கவலைப்பட வேண்டியது வெண்ணெய் வாசத்துக்குத்தான். அதற்குக் காரணம் டையசெட்டில் என்ற பொருள். ஈஸ்ட் தன் வளர்ச்சிக்காக ஒரு அமினோ அமிலத்தைத் தயாரிக்கும்போது நடுவில் உருவாகும் ஒரு பொருள் செல்லுக்கு வெளியே கசிகிறது. அதற்கு வாசமே இல்லை. பீருக்குள் மிதந்துகொண்டே மெதுவாக அது டையசெட்டிலாக மாறும். நொதித்தல் முடியும் தருவாயில் ஈஸ்ட்டே அதைத் திரும்ப உள்ளிழுத்து, வாசம் குறைந்த வேறொன்றாக மாற்றிவிடும். அதாவது, தான் போட்ட குப்பையைத் தானே கூட்டிவிட்டுப் போகிற ஆள் அது. ஆனால், அவகாசம் கொடுக்க வேண்டும்.

'குமிழி நின்னுடுச்சு, முடிஞ்சது' என்று உடனே குளிரூட்டினால் ஈஸ்ட் தூங்கிவிடும். கூட்டப்படாத குப்பை உள்ளேயே இருக்கும். அன்றைக்குச் சுவைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்று வாரம் கழித்துப் பாட்டிலைத் திறந்தால் தியேட்டர் பாப்கார்ன்!

இதற்காகத்தான் நொதித்தல் முடியப்போகும் நேரத்தில் வெப்பநிலையை 15–18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விடுகிறார்கள். முடிந்ததா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு கிளாஸில் கொஞ்சம் பீர் எடுத்து மூடி, ஒன்றை மட்டும் 65 டிகிரி வெந்நீரில் கால் மணி நேரம் வைத்து, ஆறியதும் இரண்டையும் முகர வேண்டும். சூடான கிளாஸில் மட்டும் வெண்ணெய் அடித்தால், மறைந்திருந்தது வெளியே வந்துவிட்டது. இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். இரண்டிலும் ஒன்றும் இல்லை என்றால் தாராளமாகக் குளிரூட்டலாம். பிறகு 0–4 டிகிரியில் நான்கு முதல் எட்டு வாரம் ஓய்வு. அப்போதுதான் பெயருக்கு ஏற்ற லாகர்.

சரி, ஃப்ரிட்ஜே இல்லை என்றால்?

பலர் பழைய ஃப்ரீஸர் ஒன்றை வாங்கி, அதில் தெர்மோஸ்டாட் மாட்டிக்கொள்கிறார்கள். காசும் இடமும் இல்லாதவர்கள் வாளியை ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, ஈரத் துணி சுற்றி, ஃபேனை ஓடவிட்டு, தண்ணீரில் ஐஸ் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். மண்பானை தண்ணீர் குளிரும் அதே தந்திரம். ஆனால், ஒரு விஷயம்: நொதித்தலே சூட்டை உண்டாக்கும். அறையில் 15 என்றால் வாளிக்குள் 18 இருக்கலாம். பார்க்க வேண்டியது சுவர் தெர்மாமீட்டரை அல்ல, வாளியில் ஒட்டிய தெர்மாமீட்டரை.

இன்னொரு வழி, விதியோடு சண்டை போடாமல் ஒத்துப்போவது. அதைச் செய்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டு சான் ஃபிரான்சிஸ்கோ ப்ரூவர்கள். தங்க வேட்டைக்குப் பிறகு கலிஃபோர்னியாவுக்கு ஜனங்கள் குவிந்தார்கள். லாகர் ஈஸ்ட் வந்துசேர்ந்தது, பனிக்கட்டி வரவில்லை. கடற்கரை மூடுபனியின் குளிர்ச்சியை நம்பி, ஆழம் குறைந்த திறந்த தொட்டிகளில் சற்றே கூடுதல் வெப்பத்தில் நொதிக்கவிட்டார்கள். லாகரின் தெளிவு கொஞ்சம், ஏலின் பழவாசம் கொஞ்சம். அதை 'ஸ்டீம் பீர்' என்றார்கள். பீப்பாயைத் திறக்கும்போது சீறிய அழுத்தத்தால் வந்த பெயர் என்பது ஒரு விளக்கம்.

1896-ல் தொடங்கிய ஆங்க்கர் ப்ரூவரி அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. மூடப்போகும் நிலையில் இருந்த அதன் பெரும்பங்கை 1965-ல் ஃபிரிட்ஸ் மேடேக் வாங்கி நிமிர்த்தினார். அமெரிக்க கிராஃப்ட் பீர் அலைக்கு அதுவே தொடக்கப்புள்ளி என்று சொல்வோர் அதிகம். பிறகு சப்போரோ கைக்குப் போய், 2023-ல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு சோபானி தயிர் நிறுவன முதலாளி ஹம்டி உலுகாயா அதை வாங்கினார். 'ஸ்டீம்' என்பது ஆங்க்கரின் வணிகச் சின்னம் என்பதால் மற்றவர்கள் இதே வகையை 'கலிஃபோர்னியா காமன்' என்கிறார்கள்.

நம் சமையலறை ஆளுக்கு இது கைகொடுக்கும். ஊறவைத்த கிரிஸ்டல் மால்ட், நார்தர்ன் ப்ரூவர் ஹாப்ஸ், 14–18 டிகிரியில் ஒழுங்காக நடந்துகொள்ளும் லாகர் ஈஸ்ட். வாங்கிய பொருட்களை அதிகம் மாற்றவே வேண்டாம், எதிர்பார்ப்பை மட்டும் மாற்றினால் போதும். ஜெர்மனியின் வைஹென்ஸ்டெஃபானில் இருந்து வந்த 34/70 என்ற ஈஸ்ட் 18 டிகிரியிலும் பெரிதாகச் சொதப்புவதில்லை என்று அனுபவஸ்தர்கள் பலர் சொல்கிறார்கள். கொதித்த பத்து லிட்டர் கரைசலில் ஃப்ரிட்ஜில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி 19 லிட்டர் ஆக்கினால் தொடக்க வெப்பமும் இறங்கிவிடும். வாளி மட்டும் வீட்டின் குளிர்ந்த மூலையில், வடக்குப் பக்க அலமாரியிலோ பேஸ்மென்ட் தரையிலோ இருக்க வேண்டும். 21 டிகிரி ஹாலில் வைத்துவிட்டு ஈஸ்ட்டைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை.

பாட்டில் வெடிக்குமா?

வெடிக்கும், அவசரப்பட்டால். ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி 1.048-ல் தொடங்கி 1.012 வாக்கில் வந்து நின்றால் ஆல்கஹால் சுமார் 4.7 சதவீதம். அந்த எண் மூன்று நாள் நகராமல் இருந்த பிறகுதான் பாட்டில். லாகர் ஈஸ்ட் மெதுவாகப் போவதால், நின்றுவிட்டதுபோல் ஏமாற்றும். உள்ளே சர்க்கரை மிச்சம் இருக்கும். அதன் மேல் நுரைக்காக 19 லிட்டருக்கு 110–140 கிராம் குளுக்கோஸ் வேறு சேர்க்கிறார்கள். கணக்குத் தப்பினால் அலமாரிக்குள் கண்ணாடிச் சில்லு பறக்கும். கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து என்பதால் இது சிரிக்கிற விஷயம் இல்லை.

அனுபவசாலிகள் கடைசியாக ஒரே ஒரு பாட்டிலை மட்டும் கண்ணாடிக்குப் பதில் சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி, மற்றவற்றோடு ஒரு மூடிய பெட்டியில், சுமார் 20 டிகிரி அறையில் வைக்கிறார்கள். தினமும் அதை அமுக்கிப் பார்ப்பார்கள். முதல் சில நாள் மெத்தென்று இருக்கும். இரண்டாவது வாரத்தில் கல் மாதிரி இறுகும். அன்றைக்குத்தான் பாலையும் தயிரையும் ஓரம் தள்ளி, பாட்டில்களுக்கு ஃப்ரிட்ஜில் இடம் பண்ணுவார்கள்.